தீக்குச்சி

நாம் நாடோறும் கையால் தொட்டும் கருத்தால் தொடாத பொருள்கள் பல. உப்பு, ஊசி, நூல், சவர்க்காரம் முதலியன அவ்வகையின. அவற்றுள்ளும் மிகச் சிறியதாய், மிக மலிந்ததாய், பயன்பட்ட மறுகணமே எறியப்படுவதாய் உள்ள ஒன்றனைக் குறித்து ஈண்டுச் சில கூற விழைகின்றேன். அது தீக்குச்சி. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவி ஒருத்தி தொல்காப்பியத்தையும் சிலப்பதிகாரத்தையும் விடுத்துத் தீக்குச்சியை ஆராயப் புகுந்தது என்னை என்று நகைப்போர் நகைக்க. காரணம் பின்னர் விளங்கும்.

சென்ற பருவத் தேர்விற்கு முந்திய இரவு எங்கள் விடுதியில் மின்விளக்குகள் அவிந்துவிட்டன. தேர்வுக் காலமாதலின் கைபேசிகள் காப்பாளரின் அறையில் இருந்தன. இருளில் தடவித் தடவி மெழுகுவர்த்தி ஒன்றைத் தேடி எடுத்தோம். தோழி ஒருத்தி தீப்பெட்டியைத் திறந்து ஒரு குச்சியைக் கிழித்தாள், திரி பற்றிக்கொண்டது. அவள் அத்தோடு நில்லாமல், விளையாட்டாக ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்து, சுடர் விரலைத் தீண்டும்வரை பிடித்திருந்து எறிந்தாள். யார் நெடுநேரம் பிடிப்பது என்று ஏனையோரும் போட்டியிடத் தொடங்கினர். யானோ என்னையும் அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். "பதினொன்று" என்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். "நீ என்ன, கணக்கப்பிள்ளையா?" என்று அவள் சிரித்தாள். யான் விடையிறுக்கவில்லை. என் அன்னையார் தீப்பெட்டித் தொழிலில் வளர்ந்தவர் என்பதை அவ்விடுதியில் ஒருவரிடமும் யான் அதுகாறும் சொன்னதில்லை.

நெருப்பு உண்டாக்குதல் முற்காலத்தில் எளிய செயலன்று. மரத்தொடு மரத்தைக் கடைந்தும், சிக்கிமுக்கிக் கல்லை இரும்பொடு தட்டிப் பஞ்சில் பொறியேற்றியும் மக்கள் தீயைப் பெற்றனர். தீக்கடையும் கோலைச் சங்கச் சான்றோர் ஞெலிகோல் என்றனர். புறநானூற்றின் 315ஆம் பாட்டில் ஔவையார் அதியமானை இக்கோலொடு ஒப்பிடுகின்றார். கூரையிறப்பில் செருகிவைத்த ஞெலிகோல் தன்னுள் தீயிருத்தலைக் காட்டாமல் வாளா கிடக்கும். கடையுங்காலோ அத்தீ வெளிப்பட்டுத் தோன்றும். அதியமானும் வேண்டாப்பொழுது தன் ஆற்றலை அடக்கியிருக்கவும், வேண்டும்பொழுது அதனை வெளிப்படுத்தவும் வல்லன் என்பது கருத்து. உவமையின் நயத்தை ஆசிரியர் விரித்துரைத்தபொழுது என் மனம் அந்தக் கூரையிறப்பிலேயே நின்றுவிட்டது. ஒரு கோலை எறியாமல், மழையில் நனையாமல், கைக்கெட்டும் இடத்தில் செருகிவைத்து மீண்டும் மீண்டும் எடுத்தாண்டனர் என்பதன்றோ அதன்கண் உள்ள வீட்டுச் செய்தி! தீ அன்று அருமையுடைத்தாயிருந்தது. என் ஆச்சியார் சிறுமியாயிருந்த நாளிற்கூட, இரவில் அடுப்புத் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார்களாம். விடியலில் அது அவிந்திருக்கக் கண்டால், சிரட்டையை ஏந்திக்கொண்டு அண்டை வீட்டிற்குத் தணல் வாங்கச் செல்வார்களாம். காசு கொடுத்துத் தீப்பெட்டி வாங்குதல் அவ்வீட்டில் செலவாகவே கருதப்பட்டது.

இக்குச்சி தோன்றி ஏறத்தாழ இருநூறு ஆண்டே ஆகின்றது. இங்கிலாந்தின் வடகிழக்கே ஸ்டாக்டன் என்னும் ஊரில் ஜான் வாக்கர் என்னும் மருந்து வணிகர் ஒருவர் இருந்தார். வேதிப்பொருள்கள் சிலவற்றை ஒரு கோலால் கலக்க, கோலின் நுனியில் ஒட்டி உலர்ந்த கட்டி தற்செயலாகத் தரையில் உராய்ந்து தீப்பற்றியது என்பர். அவர் அதனைக் குச்சிகளில் தோய்த்து விற்கத் தொடங்கினார். அவரது கணக்கேட்டில் முதல் விற்பனை 1827ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாளில் எழுதப்பட்டுள்ளது. 50 குச்சிகளும் உரசுதற்குரிய மணற்றாளும் சேர்ந்து ஒரு ஷில்லிங். அவர் அதற்குத் தனியுரிமை ஒன்றும் பெறவில்லை. பிறர் எடுத்துச் செய்து பொருளீட்டினர்.

வாக்கரின் குச்சி எளிதில் பற்றாது. பற்றினால் பொறி தெறிக்கும். ஆகலின் 1830ஆம் ஆண்டையொட்டிப் பிரான்சு நாட்டினராகிய சார்ல் சோரியா என்பவர் அக்கலவையில் வெண்பாஸ்பரஸைச் சேர்த்தார். இப்பொருளின் பிறப்பும் வியக்கத்தக்கது. 1669ஆம் ஆண்டில் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்டு என்பவர், பொன் செய்யும் வித்தை தேடிச் சிறுநீரைக் குடங்குடமாகக் காய்ச்சி வற்றவைத்தபொழுது, பொன் கிடைக்கவில்லை. இருளில் ஒளிரும் இப்பொருளே கிடைத்தது. வெண்பாஸ்பரஸ் இட்ட குச்சி சுவரிலும், செருப்பிலும், எங்குத் தேய்ப்பினும் பற்றியது. வாங்குவோர் மகிழ்ந்தனர். ஐரோப்பா எங்கும் தொழிற்சாலைகள் எழுந்தன.

அம்மகிழ்ச்சிக்கு விலை கொடுத்தவர் வேறு சிலர். வெண்பாஸ்பரஸ் நஞ்சு. அதன் ஆவியை நாடோறும் நுகர்ந்தவர்க்கு முதலில் பல்வலி தோன்றும். பின்னர் ஈறு வீங்கிச் சீழ் கொள்ளும். முடிவில் தாடையெலும்பே அழுகும். அவ்வெலும்பை அறுத்தெடுத்தாலன்றி உயிர் நில்லாது. குச்சி தோய்த்த அறையிலேயே, மருந்து படிந்த கையோடே உணவு உண்டவர்கள் அவர்கள். பெரும்பாலோர் பெண்கள், சிறுமியரும் பலர்.

இதற்கு மாற்று இல்லாமலில்லை என்பதே நெஞ்சைச் சுடுவது. ஆஸ்திரியா நாட்டு அறிஞர் ஷ்ரோட்டர் 1840களில் செம்பாஸ்பரஸைக் கண்டறிந்தார். அது நஞ்சன்று. ஸ்வீடன் நாட்டுப் பாஷ் என்பவர் பாஸ்பரஸைக் குச்சியின் தலையிலிருந்து நீக்கிப் பெட்டியின் பக்கத்தில் பூசும் முறையை 1844இல் வகுக்க, அந்நாட்டு லுண்ட்ஸ்திரோம் உடன்பிறந்தார் அதனைச் செம்மை செய்தனர். 1855ஆம் ஆண்டுப் பாரிசுப் பொருட்காட்சியில் அது பரிசும் பெற்றது. இன்று நம் கையிலுள்ள தீப்பெட்டி அவ்வழியில் வந்ததே. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வச்சிரப்பசையும் கண்ணாடித்தூளும் உள. பெட்டியின் பக்கத்தில் செம்பாஸ்பரஸ் உளது. இரண்டும் உராயுங்கால் செம்பாஸ்பரஸின் அணுவளவு கூறு சூட்டால் வெண்பாஸ்பரஸாக மாறிப் பற்றி, தலையில் உள்ள மருந்தைக் கொளுத்துகின்றது. தலையில் எழும் தீ மரத்திற்கு ஏறுதற்காகக் குச்சியின் நுனி மெழுகில் தோய்க்கப்பட்டிருக்கும். இன்னொன்று: நல்ல குச்சியை ஊதி அணைத்தால் கங்கு நில்லாது, கரிந்த நுனி உடனே தணிந்துவிடும். அம்மோனியம் பாஸ்பேட்டு என்னும் உப்புக் கரைசலில் குச்சியை முன்னரே ஊறவைத்தலின் அவ்வாறாகின்றது. எறிகின்றவன் கவனியாமல் எறிவான் என்பதை எண்ணி, அவன் வீட்டுக் கூரையைக் காக்க எவரோ ஒருவர் முன்கூட்டியே வகைசெய்துள்ளார். இச்செய்தியை அறிந்த நாள்முதல் கரிந்த குச்சியை ஒருமுறை நோக்கிய பின்னரே எறிகின்றேன்.

இத்துணை நலமுள்ள முறை 1855இலேயே உலகறிய நின்றும், வெண்பாஸ்பரஸ் இன்னும் ஐம்பதாண்டு உயிர் வாழ்ந்தது. செம்பாஸ்பரஸ் விலை மிக்கது. அன்றியும் அக்குச்சியைத் தனக்குரிய பெட்டியில் அன்றிப் பிற இடத்தில் கிழித்தல் இயலாது. வாங்குவோர் மலிவையும் வசதியையும் விடவில்லை. செய்வோர் ஊதியத்தை விடவில்லை. அறியாமை என்று இதனைத் தள்ளிவிட என் மனம் ஒருப்படவில்லை.

1888ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் நாள், இலண்டன் மாநகரத்துப் பிரையண்ட் அண்டு மே தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்களின் நிலையை விளக்கி ஒரு கட்டுரை வெளிவந்தது. கால் அழுக்காயிருந்தால் தண்டம், பேசினால் தண்டம், குச்சி கீழே விழுந்தால் தண்டம் என்று சின்னஞ்சிறு கூலியிலும் பிடித்தம் செய்யப்பட்டமையை அது கூறியது. தொழிற்சாலையார் அதனைப் பொய்யென்று எழுதிக் கையொப்பமிடுமாறு பெண்களை நெருக்கினர், அவர்கள் மறுத்தனர். அடுத்த மாதம் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலையை விட்டு வெளியேறினர். மூன்று வாரத்துள் வெற்றியும் பெற்றனர். தண்டங்கள் ஒழிந்தன; உணவு உண்ணத் தனி அறையும் கிடைத்தது. அக்கட்டுரையை எழுதியவர் யார்? பின்னாளில் நம் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் காங்கிரசு மகாசபைக்குத் தலைமை தாங்கி, 1933இல் அடையாற்றிலேயே மறைந்த அன்னி பெசண்டு அம்மையாரே. சமயக் கொள்கையில் அவ்வம்மையார் நம் சபையோரோடு பெரிதும் மாறுபட்டவர். ஆயினும், தாடை அழுகிய ஏழைச் சிறுமியர்க்காக எழுதுகோல் எடுத்தவர் என்ற அளவில் அவரை வணங்காதிருத்தல் எனக்கு இயலவில்லை.

நம்மவரும் வாளா இருந்தாரல்லர். இரட்சணிய சேனையை நிறுவிய வில்லியம் பூத் 1891இல் கீழை இலண்டனில் தாமே ஒரு தீக்குச்சித் தொழிற்சாலையைத் திறந்தார். செம்பாஸ்பரஸே அங்கு வழங்கியது. கூலியும் பிற தொழிற்சாலைகளைக் காட்டிலும் மிகுதி. காற்றும் வெளிச்சமும் உள்ள அறைகள். பத்திரிகையாளரையும் பாராளுமன்றத்தாரையும் அழைத்துச் சென்று காட்டினர். ஆனால் அத்தீப்பெட்டியின் விலை சற்றே மிகுதி. பாராட்டியவர் பலர், வாங்கியவர் சிலர். பத்தாண்டளவில் அத்தொழிற்சாலை கைமாறிற்று. அது முற்றும் தோற்றது என்றும் சொல்வதற்கில்லை. பிரையண்ட் அண்டு மே தொழிற்சாலையாரும் 1901இல் வெண்பாஸ்பரஸைக் கைவிட்டனர். 1906இல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி அதனை விலக்க உடன்பட்டன. பின்லாந்து 1872இலேயே அதனைத் தடுத்திருந்தது. இந்தியாவில் 1913இல் சட்டம் வந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். முன்னாளில் ஸ்வீடன், ஜப்பான் நாட்டுத் தீப்பெட்டிகளே இங்கு மிகுதியாக விற்றன. சிவகாசியைச் சார்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1922இல் கல்கத்தா சென்று இத்தொழிலைக் கற்றுத் திரும்பி, மறு ஆண்டில் தம்மூரில் அதனைத் தொடங்கினர். மழை அரிதாய், வெயிலும் வறண்ட காற்றும் மிகுந்த அப்பகுதி பயிருக்குப் பகையாயினும் தீக்குச்சி உலர்த்துதற்கு உறவாயிற்று. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று கரிசற்காட்டு ஊர்களெங்கும் அத்தொழில் பரவியது. வானம் பொய்த்த ஆண்டுகளில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு அதனால் எரிந்தது. அத்தொழிலைப் பழித்தல் என் நோக்கமன்று. பழித்தால் என் ஆச்சியார் என்னை வீட்டிற்குள் ஏற்றமாட்டார்.

ஆச்சியாரின் ஊர் கோவில்பட்டியை அடுத்த ஒரு சிற்றூர். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டுவார்கள். மைதா மாவில் மயில்துத்தம் இட்டுக் காய்ச்சிய பசை ஒரு புறம். மடிப்புக் குறியிட்ட தாள்கள் மறுபுறம். அடிப்பெட்டி வேறு, மேற்பெட்டி வேறு. 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோசு. கூலி குரோசுக்கு இவ்வளவென்று. என் அன்னையார் எழுத்தறியும் முன்பே குரோசு அறிந்தவர். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியை விட்டு ஆலைக்கு அனுப்பப்பட்டார். விடியுமுன் வண்டி வரும். அரைத் தூக்கத்தில் ஏறவேண்டும். அங்கே கட்டை அடுக்குதல் அவர் வேலை. பள்ளம் பள்ளமாய்ச் செதுக்கிய மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாய் வைத்து நிரப்புவது அது. குச்சியோடு குச்சி ஒட்டாமல் நின்றால்தான் மருந்தில் முக்கும்பொழுது தலைகள் தனித்தனியே திரளும். வரிசை கோணினால் கூலியில் பிடித்தம். இலண்டன் பெண்களின் தண்டக் கணக்கை யான் நூலகத்தில் படித்த நாள், நூலை மூடிவிட்டு நெடுநேரம் வெளியே நின்றிருந்தேன்.

1986இல் சிறுவர் உழைப்பைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் சிவகாசிச் சிறுவர்களின் பொருட்டுத் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழில்களில் பணிக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு சிறுவர்க்கும் முதலாளி 20,000 ரூபாய் ஈடு கட்டவேண்டும். சிறுவர் பள்ளிக்கு அனுப்பப்படவேண்டும் என்பது அதன் கருத்து. சட்டத்தின்படி 14 வயது நிரம்பாதவரே சிறுவர். என் அன்னையாருக்கு அப்பொழுது 15. தீர்ப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேள்விப்படவில்லையாம். வண்டிக்காரர் சிறு பிள்ளைகளை ஏற்றமாட்டேன் என்று சொல்லத் தொடங்கியது மட்டும் நினைவிருக்கின்றதாம். அதற்கு முந்திய கோடையிலிருந்து அவரோடு வண்டியேறி வந்த என் சித்திக்கு அப்பொழுது 10 வயது. சித்தி இறக்கிவிடப்பட்டார், பள்ளிக்கு மீண்டார், இன்று ஓர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக உள்ளார். ஒரே திண்ணையில் பசை தொட்ட இருவர் அவர்கள். திருநாளில் இருவரும் அருகருகே அமர்ந்து பேசுங்கால், யான் அவர்களுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருப்பதுண்டு.

இன்று அப்பக்கத்து ஆலைகள் பலவற்றில் குச்சி அடுக்குவது இயந்திரம். 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய் ஆன தீப்பெட்டி, 14 ஆண்டு கழித்து 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. அவ்விலையேற்றம் செய்தித்தாளில் வந்த நாளில் எங்கள் தெருவில் பலர் முணுமுணுத்தனர். அவ்விடைக்காலத்தில் விலை ஏறாத வேறு பொருள் உண்டோ என்று எவரும் கேட்கக் கேட்டிலேன். பின்னர், பிளாஸ்டிக்கினாலான மலிவான எரியூட்டிகள் வந்து இத்தொழிலை நலித்தன. 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ளவற்றின் இறக்குமதியை 2023இல் மத்திய அரசு தடுத்தது. தீக்குச்சி எத்துணைக் காலம் நிலைக்குமோ! வத்திப்பெட்டி என்று எங்கள் ஆச்சியார் வழங்கும் சொல்லே என் தோழியர்க்குப் புதிது. வர்த்தி என்னும் வடசொல் வத்தியாயிற்று என்று விளக்கினால், "தேர்வுக்கு வருமா?" என்கின்றார்கள்.

நல்வாழ்வைப் பற்றி நம் கல்லூரியில் சொற்பொழிவுகள் பல கேட்டிருக்கின்றோம். அதிகாலையில் எழுக, அளவோடு உண்க, வீண்செலவு ஒழிக என்பன யாவும் நல்லனவே. ஆயினும் இவையெல்லாம் என் உடல், என் பை என்னும் அளவில் நின்றுவிடுகின்றன. பதினொரு குச்சியை எரித்தமையால் என் தோழிக்கு நேர்ந்த இழப்பு ஐம்பது காசு பெறாது. வீண்செலவு என்று அவளைக் கடிதற்கு இடமேயில்லை. அவ்விரவில் எனக்கு நேர்ந்த வருத்தம் செலவைப் பற்றியதன்று. ஒவ்வொரு குச்சியும் ஒருகாலத்தில் ஒரு பள்ளத்தில் தனித்தனியே வைக்கப்பட்டது என்பதை அவள் அறியாள்; யான் அறிந்தும் நாணிச் சொல்லாதிருந்தேன். பெற்றோர் தொழில் என்னும் இடத்தில் பள்ளிக் காலமெல்லாம் "இல்லத்தரசி" என்றே எழுதிவந்த கை இது. அறியாதவள் குற்றமோ, அறிந்து மறைத்தவள் குற்றமோ? மறுநாள் தேர்வு முடிந்தபின் அவளிடம் யாவையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் தன் மேசையில் கிடந்த தீப்பெட்டியை எடுத்து, மடிப்பு மடிப்பாகப் பிரித்து, ஒட்டிய இடத்தைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபொழுது, பெட்டி ஒட்டக் கற்றுத்தருமாறு அன்னையாரைக் கேட்டேன். "இதெல்லாம் உனக்கெதற்கம்மா?" என்றார். விடாது கேட்கவே, என் பழைய நோட்டுப் புத்தகத்தின் அட்டையைக் கிழித்து, அளவுகோல் இன்றியே நகத்தால் நான்கு மடிப்புக் கீறினார். சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒட்டினார். யான் முதல் மடிப்பைப் பார்த்து முடிக்குமுன் பெட்டி அவர் உள்ளங்கையில் இருந்தது. மூலைகள் நான்கும் இம்மியும் பிசகவில்லை. அதனை ஒருமுறை திருப்பிப் பார்த்து, "இருபது ஆண்டாயிற்று, கை மறக்கவில்லை" என்றார். பின்னர் அதனை என்னிடம் நீட்டி, அடுத்த தேர்வின் கால அட்டவணை வந்துவிட்டதா என்று வினவினார்.